உங்களுக்குத் தெரியுமா? சுழலாத சுருளுக்கும் இறுக்கமான கட்டு தேவை!

மின்நிலைய ஜெனரேட்டரில் சுழல்வது ரோட்டார். ஸ்டேட்டார் அசையாமல் நிற்கிறது. ஆனாலும் ஸ்டேட்டாரின் செப்புச் சுருள்களை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்து வைக்கிறோம் என்பதைப் பொறுத்தே இயந்திரத்தின் ஆயுள் அமைகிறது. மின்னோட்டம் பாயும் கம்பியைக் காந்தப்புலம் தள்ளும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அந்த விசை நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. ஒரே நாளில் 86 லட்சத்துக்கும் மேல்! பிடி தளர்ந்தால் சுருள், தான் அமர்ந்திருக்கும் இரும்புக் காடியின் சுவரில் உரசி, மின்காப்பு தேய்ந்துபோகும். அதனால்தான் காடியின் வாயை ஆப்புகளால் அடைக்கிறார்கள். பல இயந்திரங்களில் ஆப்புக்கு அடியில் அலைவடிவ வில்தகடும் இருக்கும். காடிக்கு வெளியே வளைந்து நீளும் சுருள்முனைகளை ரெசின் ஊறிய கண்ணாடி இழைக் கயிற்றால் வரிந்து கட்டுகிறார்கள்.

ரெசின் ஊற்றி ஒட்டிவிட்டால் போதாதா? பெரிய இயந்திரங்களில் அதை மட்டும் நம்ப முடியாது. ஆண்டுக்கணக்கான சூட்டில் காப்புப்பொருள் மெல்லச் சுருங்கும். அந்தத் தளர்வை வில்தகடு ஈடுகட்டுகிறது. குறுக்குச்சுற்றின்போது மின்னோட்டம் பல மடங்கு எகிறும்; அது அபூர்வம்தானே என்ற வாதமும் நிற்காது. விசை மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், 5 மடங்கு மின்னோட்டம் 25 மடங்கு விசையாகிறது. அதை ஒருமுறை தாங்காவிட்டாலும் சுருள் பாழாகும். எனவே பராமரிப்பு நிறுத்தத்தின்போது ஆப்புகளைத் தட்டி இறுக்கம் பார்ப்பதை ஒருபோதும் தள்ளிப்போடக் கூடாது.