உங்களுக்குத் தெரியுமா? தளர்ந்த இதயத்துக்கும் நடை உண்டு!

இதயச் செயலிழப்பு என்றாலே ஒரு காலத்தில் படுக்கையைத்தான் காட்டினார்கள். அசையாமல் கிடந்தால் தசை இளைத்து மூச்சுவாங்கல் கூடும் என்பது பிறகுதான் புரிந்தது. அமெரிக்கா, கனடா, பிரான்ஸில் 2,331 நோயாளிகளிடம் நடந்த ‘எச்எஃப்-ஆக்‌ஷன்’ ஆய்வு 2009-இல் வெளியானது. அதன்படி, இந்த நோயாளிகளுக்கு உடற்பயிற்சி பாதுகாப்பானது, வாழ்க்கைத் தரமும் சற்று உயர்ந்தது. ஆனால் இறப்பு, மருத்துவமனைச் சேர்க்கையில் கிடைத்த பலன் சொற்பமே. சொன்ன அளவுக்குப் பயிற்சி செய்தவர்கள் பாதிக்கும் குறைவு என்பதையும் மறக்கக்கூடாது.

உடல்திறனை அளக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் 30 மீட்டரை முன்னும் பின்னுமாக 6 நிமிடம் நடக்கச் சொல்வார்கள். நின்று இளைப்பாறலாம், கடிகாரம் மட்டும் நிற்காது!

கால் வீக்கமோ திடீர் எடை ஏற்றமோ தெரிந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.