வேகம் பிடிக்கும் நேரம்

தோட்டச் சாலையிலிருந்து பெரிய சாலையில் ஏறுகிறோம். தூரத்தில் லோரி வருகிறது. நம் கார் வேகம் பிடிக்க எத்தனை விநாடி ஆகும்?

வேகம் கூடும் வீதமே முடுக்கம். பஸ் சட்டென்று புறப்பட்டால் நாம் பின்னால் சாய்கிறோம் அல்லவா? டேஷ்போர்டில் வைக்கும் முடுக்கமானிக்குள் நுண்ணிய எடை ஒன்று அவ்வாறே பின்தங்குகிறது. அந்த விலகலை அளந்தே கருவி முடுக்கத்தைக் காட்டுகிறது. கார் சாய்ந்து நின்றாலும் அந்த எடை நகரும். ஆகவே, சமதரையில் பூஜ்யத்திற்குக் கொண்டுவந்த பிறகே அளக்க வேண்டும்.

ஓட்டுநர் மட்டும் அமர்ந்த கார், ஒவ்வொரு விநாடியும் மணிக்கு 10 கிலோமீட்டர் வீதம் வேகம் கூடி, 8 விநாடியில் மணிக்கு 80 கிலோமீட்டரை எட்டுவதாகக் கொள்வோம். அப்போது அதன் எடை 1,000 கிலோ. குடும்பத்தார் நால்வர் ஏறி 250 கிலோ கூடினால், எஞ்சினின் இழுவை அதுவேதான். நேரமோ ஏறக்குறைய 10 விநாடி ஆகிவிடும். அந்த 2 விநாடியில், 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லோரி 44 மீட்டர் நெருங்கிவிடும்.

தனியே ஓட்டிய கணக்கை நம்பிக் குடும்பத்தோடு பாயலாகாது. லோரி போகட்டும், நாம் பொறுத்தே ஏறுவோம்.