கழிவை நிறுத்தறிந்த இரசாயன அறிஞர்

இரசாயன ஆய்வுகூடத்தில் ஒரு சேர்வையைத் தயாரிக்கும் மாணவன் ஈற்றிலே செய்யும் கணிப்பு ஒன்றுண்டு. கொள்கையின்படி கிடைக்கவேண்டிய பொருளின் நிறை இவ்வளவு, கையிற் கிடைத்த நிறை இவ்வளவு எனக் கண்டு, பின்னதை முன்னதன் நூற்றுவீதமாக எழுதுகின்றான். இதுவே விளைவு எனப்படும். விளைவு 90 வீதமாயின் அவனும் மகிழ்வான். அவன் ஆசிரியரும் மகிழ்வர். ஆயின், அவன் தொட்டியில் ஊற்றிய திரவமும், வடிதாளில் தங்கிய உப்பும், ஆவியாகிச் சென்ற கரைப்பானும் அக்கணிப்பில் இடம்பெறுவதில்லை. இரசாயனக் கைத்தொழிலும் நெடுங்காலமாக ஏறக்குறைய இம்மாணவனைப் போலவே கணக்கெழுதி வந்தது. அக்கணக்கின் மறுபக்கத்தையும் எழுதவேண்டும் என வற்புறுத்தி, அதற்கு எளியதோர் அளவையும் வகுத்தளித்தவர் றொஜர் ஷெல்டன் என்னும் ஆங்கிலேய அறிஞராவர்.

ஷெல்டன் 1942 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரிற் பிறந்தார். 1967 இல் லெஸ்ரர் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றபின், ஐக்கிய அமெரிக்காவில் ஜே கோச்சி என்னும் பேராசிரியரிடம் ஈராண்டுகள் ஆராய்ச்சி செய்தார். 1969 முதல் 1980 வரை ஆம்ஸ்ரடாமிலுள்ள ஷெல் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்திற் பணியாற்றினார். பெற்றோலியத்திலிருந்து கிடைக்கும் ஐதரோகாபன்களோடு ஒட்சிசனைச் சேர்க்கும் தாக்கங்களில் உலோகங்கள் எவ்வாறு ஊக்கிகளாகத் தொழிற்படுகின்றன என்பதே அக்காலத்தில் அவரது ஆராய்ச்சிப் பொருளாயிருந்தது. கோச்சியும் அவரும் இணைந்து இத்துறை பற்றி எழுதிய பெருநூல் 1981 இல் வெளிவந்தது. இவ்வளவில் நின்றிருப்பின், அவர் ஊக்கவியலில் வல்ல ஒருவர் என்ற பெயரோடு அமைந்திருப்பர். அவரது சிந்தனையை வேறொரு வழியிற் செலுத்தியது ஒரு தொழிற்சாலையின் கழிவேயாகும்.

1980 ஆம் ஆண்டில் அவர், பின்னாளில் டி.எஸ்.எம். குழுமத்தைச் சேர்ந்த, ஆண்டெனோ என்னும் டச்சு நிறுவனத்திற் சேர்ந்து ஆராய்ச்சிப் பகுதிக்குப் பொறுப்பாளரானார். அங்கே புளோரோகுளுசினோல் என்னும் சேதனச் சேர்வை தயாரிக்கப்பட்டு வந்தது. மருந்துகளுக்கும் வேறு நுண்ணிரசாயனங்களுக்கும் இடைநிலைப் பொருளாகப் பயன்படும் இச்சேர்வைக்கு மூலப்பொருளாயிருந்தது ரி.என்.ரி. எனப்படும் வெடிமருந்தாகும். முதலில் அதனைப் பொற்றாசியமிருகுரோமேற்றையும் சல்பூரிக்கமிலத்தையும் கொண்டு ஒட்சியேற்றுவர்; அடுத்து இரும்புத் தூளையும் ஐதரோக்குளோரிக்கமிலத்தையும் கொண்டு தாழ்த்துவர்; ஈற்றில் அமிலக் கரைசலிற் சூடாக்குவர். முறை முழுவதற்கும் விளைவு 90 வீதத்துக்கு மேற்பட்டது. பழைய கணக்கின்படி இது குறைகூறவியலாத முறையே. ஆயினும், ஒரு கிலோகிராம் புளோரோகுளுசினோலுக்கு ஏறத்தாழ 40 கிலோகிராம் திண்மக் கழிவு சேர்ந்தது. அக்கழிவில் குரோமியஞ் சல்பேற்றும், பெரசுக் குளோரைட்டும், அமோனியங் குளோரைட்டும், பொற்றாசியமைதரசன் சல்பேற்றும் கலந்திருந்தன.

இத்துணைக் கழிவு எங்கிருந்து வந்தது? தாக்கச் சமன்பாட்டை முழுமையாக எழுதிப் பார்ப்பின் விடை புலப்படும். விரும்பிய பொருளின் மூலக்கூற்று நிறை 126. அதனைப் பெறுதற்காகத் தாக்கத்தில் ஈடுபடும் பொருள்கள் யாவற்றினதும் மொத்த நிறையோ ஏறக்குறைய 2280. அதாவது, உள்ளே செல்லும் நிறையில் சுமார் 5½ வீதமே விளைபொருளாக வெளிவருகின்றது. விளைவு முழு 100 வீதமாயினும், ஒரு கிலோகிராம் பொருளுக்குப் பதினைந்து கிலோகிராமுக்கு மேற்பட்ட உப்புகள் தோன்றியே தீரும். மிகையாகச் சேர்த்த ஒட்சியேற்றியும், எஞ்சிய அமிலத்தை நடுநிலையாக்கச் சேர்த்த காரமும் அத்தொகையை மேலும் பெருக்கிவிட்டன. ஈற்றில், குரோமியங் கலந்த அக்கழிவை அகற்றுஞ் செலவு விளைபொருளின் விற்பனை விலையை நெருங்கியமையால் அவ்வாலை மூடப்பட்டது. விளைவைக் கொண்டு நோக்கின் சிறந்ததாகத் தோன்றிய முறை, கழிவைக் கொண்டு நோக்கியபோது நில்லாதொழிந்தது.

இந்த அனுபவத்திலிருந்து ஷெல்டன் வகுத்த அளவே ஈ-காரணி என்பது. உண்டாகும் கழிவின் மொத்த நிறையை விளைபொருளின் நிறையால் வகுக்கக் கிடைக்கும் எண்ணே அது. விரும்பிய பொருள் தவிர்ந்த யாவும் கழிவெனவே கொள்ளப்படும். இழக்கப்பட்ட கரைப்பானும் அதில் அடங்கும். நீர்மாத்திரம் தொடக்கத்திற் சேர்க்கப்படவில்லை. மிகச் சிறந்த முறைக்கு இவ்வெண் பூச்சியமாகும். 1991 இல் டெல்ஃப்ட் தொழினுட்பப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரான அவர், 1992 இல் இவ்வளவைக் கொண்டு பல்வேறு கைத்தொழில்களை ஒப்பிட்டு ஓர் அட்டவணையை வெளியிட்டார். பெற்றோலியச் சுத்திகரிப்பில் ஈ-காரணி 0.1 அளவினது, பேரளவு இரசாயனங்களுக்கு 1 இற்குக் குறைவு முதல் 5 வரை, நுண்ணிரசாயனங்களுக்கு 5 முதல் 50 வரை, மருந்துகளுக்கோ 25 முதல் 100 வரையும் அதற்கு மேலும் செல்லும். உலகம் அழுக்கெனக் கருதிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு, தான் செய்யும் பொருளின் நிறையை நோக்கக் குறைந்த கழிவையே விடுகின்றது என்பதும், தூய்மைக்கு இலக்கணமாகக் கருதப்பட்ட மருந்துக் கைத்தொழில் ஒரு கிலோகிராமுக்கு மிகக்கூடிய கழிவை விடுகின்றது என்பதும் பலரை வியப்பில் ஆழ்த்தின. மருந்தின் மூலக்கூறு சிக்கலானது. அதனை ஆக்கப் பல படிகள் வேண்டும். ஒவ்வொரு படியிலும் கரைப்பானும், ஒருமுறை பயன்பட்டு அழியும் தாக்கிகளும் செலவாகும். இதுவே அதன் காரணம்.

இதே காலத்தில் வேறு அறிஞரும் இத்திசையிற் சிந்தித்தனர். 1991 இல் பாரி துரொஸ்ற் என்னும் அமெரிக்கர் அணுச் சிக்கனம் என்னும் கருத்தை முன்வைத்தார். 1998 இல் போல் அனஸ்தாஸ், ஜோன் வார்னர் என்னும் இருவரும் பசுமை இரசாயனத்தின் பன்னிரு கோட்பாடுகளை நூலாக்கினர். கழிவு தோன்றியபின் அதனைத் துப்புரவாக்குவதிலும் அது தோன்றாதவாறு தடுத்தலே நன்று என்பது அவற்றுள் முதலாவது கோட்பாடாகும்.

நோயை அளந்து காட்டிய ஷெல்டன் அதற்குரிய மருந்தையும் நாடினார். அம்மருந்து ஊக்கியே என்பது அவர் முடிபு. குரோமியச் சேர்வை ஒட்சிசனைக் கொடுத்தபின் தான் கழிவாகிவிடும். ஊக்கியோ தாக்கத்தை நடத்தித் தான் மீளும். 2000 ஆம் ஆண்டில் அவரும் டெல்ஃப்டிலிருந்த அவர் குழுவினரும், நீரிற் கரையும் பல்லேடியச் சிக்கற் சேர்வையொன்றை ஊக்கியாகக் கொண்டு, வளியின் ஒட்சிசனாலேயே அற்ககோல்களை ஒட்சியேற்றிக் காட்டினர். சேதனக் கரைப்பான் தேவைப்படவில்லை. ஒட்சிசனிலிருந்து பக்கவிளைவாகத் தோன்றுவது நீரே. விளைபொருளை நீரிலிருந்து பிரித்தெடுத்தபின், ஊக்கி தங்கிய நீர்க்கரைசலை மீண்டும் பயன்படுத்தலாம். இருகுரோமேற்றின் இடத்தில் வளி வந்து அமர்ந்தது எனலாம்.

உயிர்களின் உடலில் இயங்கும் ஊக்கிகளாகிய நொதியங்களையும் அவர் கைக்கொண்டார். மென்மையான வெப்பநிலையில், நீரிலேயே, குறித்தவொரு தாக்கத்தை மாத்திரம் நடத்துவது நொதியத்தின் சிறப்பு. ஆயின், அது விரைவிற் சிதைவதும், நீரிற் கரைந்துவிடுவதால் மீட்டற்கு அரிதாவதும் அதன் குறைகள். நொதியத்தைக் கரைசலிலிருந்து வீழ்படிவாக்கி, அவ்வீழ்படிவின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று குறுக்காகப் பிணைத்துத் திண்மத் துணிக்கைகளாக்கும் முறையொன்றை 2000 இல் அவர் குழுவினர் வெளியிட்டனர். அத்துணிக்கைகளை வடித்தெடுத்துப் பன்முறை பயன்படுத்தலாம். பின்னர் காந்தத் தன்மையுள்ள துணிக்கைகளும் ஆக்கப்பட்டன. இது சிறு நுட்பமெனத் தோன்றினும், தாவரத் திணிவைப் பயன்படுத்தும் முறைகளிற் பெரிதும் உதவுவதாகும். வைக்கோல் போன்றவற்றின் கரையாத் துணிக்கைகள் நிறைந்த கலவையில் வடித்தலால் நொதியத்தைப் பிரித்தல் இயலாது. காந்தமோ அதனைத் தனியே ஈர்த்தெடுக்கும்.

உயிர்த்திணிவு எனப்படும் இத்தாவரப் பொருளே ஷெல்டனின் பிற்கால எழுத்துகளில் முதன்மை பெறுகின்றது. 2014 இல், உயிர்த்திணிவிலிருந்து இரசாயனங்களை ஆக்குதல் பற்றி விரிவானதோர் ஆய்வுரையை அவர் வெளியிட்டார். 2015 இல் தென்னாபிரிக்காவின் விற்வாட்டர்ஸ்றாண்ட் பல்கலைக்கழகத்திற் சிறப்புப் பேராசிரியராயினார். அவ்வாண்டிலேயே இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகவும் தெரிவுசெய்யப்பட்டார். பெற்றோலியத்திலுள்ள ஐதரோகாபன்களில் ஒட்சிசன் இல்லை. எனவே அதனைச் சேர்ப்பதே முன்னைய வேலையாயிருந்தது. செலுலோசு முதலியவற்றிலோ ஒட்சிசன் மிகுதி. ஆதலின் அதனை நீக்குதல், அல்லது உள்ளவாறே பேணிப் பயன்கொள்ளுதல் புதிய வேலையாகின்றது. உணவாகும் தானியத்தையும் வெல்லத்தையும் ஆலைக்கு அனுப்பாது, வைக்கோல், கரும்புச் சக்கை போன்ற எச்சங்களைப் பயன்படுத்துதலே தக்கது என்பதும் இத்துறையில் வலியுறுத்தப்படும் கருத்தாகும்.

ஆயின், மூலப்பொருள் மண்ணிலே விளைந்தது என்பதனால் மாத்திரம் முறை தூய்மையாகிவிடாது. குளுக்கோசை உதாரணமாகக் கொள்க. 180 கிராம் குளுக்கோசை நொதிக்கச் செய்து எதனோல் பெறின், கிடைக்கக்கூடியது 92 கிராமே. எஞ்சிய 88 கிராம் காபனீரொட்சைட்டாக வெளியேறும். அதே குளுக்கோசிலிருந்து இலத்திக்கமிலம் பெறின், கொள்கையின்படி 180 கிராமும் விளைபொருளாகும். மூலப்பொருள் ஒன்றேயாயினும் கணக்கு வேறாகின்றது. எனவே, பழைய கைத்தொழிலை அளந்த கோலாலேயே புதிய கைத்தொழிலையும் அளத்தல் வேண்டும்.

புளோரோகுளுசினோலின் பிற்கால வரலாறும் இதனை விளக்கும். 2005 இல் அமெரிக்காவில் ஜோன் புரொஸ்ற் என்பவரின் ஆய்வுக்குழு, மண்வாழ் பற்றீரியம் ஒன்றின் பரம்பரையலகை வேறொரு பற்றீரியத்திற் புகுத்தி, குளுக்கோசிலிருந்தே புளோரோகுளுசினோலை உண்டாக்கலாமெனக் காட்டியது. வெடிமருந்தும் குரோமியமும் இரும்புத் தூளும் அங்கே வேண்டியதில்லை. எனினும், ஐதான கரைசலிலிருந்து பொருளைப் பிரித்தெடுத்தற்கு ஆகும் கரைப்பானையும் சத்தியையும், எஞ்சும் கலத்திணிவையும் கணக்கிற் சேர்த்த பின்னரே அம்முறையின் தூய்மையைத் தீர்மானித்தல் முறையாகும்.

ஈ-காரணிக்கும் ஒரு குறையுண்டு. அது நிறையை மாத்திரம் அறியும், நஞ்சை அறியாது. ஒரு கிலோகிராம் சமையலுப்பும் ஒரு கிலோகிராம் குரோமிய உப்பும் அதற்கு ஒன்றே. இதனை ஷெல்டனும் உணர்ந்திருந்தார். ஆதலின், கழிவின் தீங்கைக் குறிக்கும் ஓர் எண்ணால் ஈ-காரணியைப் பெருக்கிக் கொள்ளவேண்டும் என்றார். அவ்வெண்ணை யாவரும் ஒப்புமாறு வரையறுத்தல் எளிதன்று. ஆயினும், குறையுள்ள அளவொன்றைக் கொண்டு அளத்தல், அளவாதே விடுதலினும் மேலானது.

ஒரு மாணவன் தன் குறிப்பேட்டில் விளைவு 90 வீதம் என எழுதியபின், அதன் கீழே இன்னுமொரு வரி எழுதுதல் பெருஞ் சிரமமன்று. எவ்வளவு பொருளை உள்ளே இட்டேன், எவ்வளவைத் தொட்டியில் ஊற்றினேன் என அவன் நிறுத்து எழுதுவானாயின், ஒரு வகுத்தற் கணிப்போடு அது முடிந்துவிடும். ஆண்டெனோவின் ஆலையில் அவ்வரி எழுதப்பட்டது அது மூடப்படும் வேளையிலேயே. கல்விக்கூடத்தில் அதனைத் தொடக்கத்திலேயே எழுதப் பழகியவன், நாளை ஓர் ஆலையை வகுக்குங்கால், கழிவு தோன்றுமுன்னரே அதனைக் காண்பான்.