அரிய பறவையின் விலை

ஓரிடத்தில் அரிதாக இருப்பது வேறோரிடத்தில் மலிவாக இருக்கும். பொருளியலின் முதல் பாடங்களுள் ஒன்றான இது பறவைகளுக்கும் பொருந்தும். நம் ஏரிக்கரைகளிலும் நீர் தேங்கிய வயல்களிலும் யாரும் திரும்பிப் பார்க்காத சின்ன வெள்ளைக் கொக்கு, 1980-கள் வரை இங்கிலாந்தில் அபூர்வ விருந்தாளி. 1996-இல்தான் அது டார்செட் கடலோரத்தின் பிரவுன்சீ தீவில் கூடுகட்டிக் குஞ்சு பொரித்தது. அன்று அது செய்தி. இன்று அங்கும் அது சாதாரணப் பறவை.

இந்த அரிது என்னும் மதிப்பைப் புரிந்துகொள்ள ஏற்ற இடம், இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள ரட்லண்ட் மாவட்டம். கடற்கரையே இல்லாத இம்மாவட்டத்தின் பரப்பு 382 சதுர கிலோமீட்டர்தான். மக்கள்தொகை ஏறத்தாழ 41,000. 'சிறியதில் மிகுதி' என்னும் பொருள்படும் லத்தீன் தொடரே இதன் முத்திரைவாக்கு. பறவை ஆர்வலர்களைப் பொருத்தவரை அது வெறும் பெருமைப் பேச்சன்று. 1989 முதல் 2019 வரை பிரிட்டனின் பறவை நோக்குவோர் ஆண்டுதோறும் திருவிழாபோலக் கூடியது இங்குதான்.

காரணம், மனிதர் உருவாக்கிய ஒரு நீர்த்தேக்கம். பெருகிவந்த நகரங்களின் குடிநீர்த் தேவைக்காக, குவாஷ் என்னும் சிற்றாற்றின் குறுக்கே அணை கட்டப்பட்டு, 1970-களின் நடுவில் ரட்லண்ட் நீர்த்தேக்கம் உருவானது. சுமார் 1,260 ஹெக்டேர் பரப்புள்ள அது, மாவட்டத்தில் ஏறத்தாழ 3 விழுக்காட்டை விழுங்கிவிட்டது. விளைநிலங்கள் மூழ்கின, நெதர் ஹாம்பிள்டன் என்னும் சிற்றூர் இல்லாமற்போனது. உள்ளூர் மக்கள் எதிர்த்ததில் வியப்பில்லை. ஆனால், திட்டமிடும்போதே மேற்கு முனையில் கரைகளிட்டு ஆழமற்ற குளங்கள் அமைக்கப்பட்டன; ஏரியின் நீர்மட்டம் இறங்கினாலும் பறவைகளுக்கான நீர் வற்றாதிருக்க இந்த ஏற்பாடு. இன்று கருவால் வாத்தும், மண்வெட்டி அலகுடைய தட்டைவாயனும் பெருந்திரளாகக் கூடுவதால், உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அது அறிவிக்கப்பட்டுள்ளது.

அரிய பறவைகளைத் தேடிச் செல்வோர் காலமறிந்து செல்ல வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை, ஆழமான அணைப் பக்கத்தில் கிரேட் நார்தர்ன் டைவர் என்னும் பெரிய முக்குளிக்கும் பறவையையும், வடக்கிலிருந்து வரும் முக்குளிப்பான் இனங்களையும் தேடலாம். வெண்ணிற உடலில் கருங்கோடுகள் வரைந்தாற்போன்ற ஸ்மியூ வாத்து, வட ஐரோப்பாவின் நீர்நிலைகள் உறையும்போது தெற்கே வரும். குளிர்காலங்கள் மென்மையாகிவருவதால் பிரிட்டன் வரை வரும் ஸ்மியூக்கள் குறைந்துவிட்டன. அதனால் அது முன்னைவிட அரிதாகியுள்ளது.

ஏப்ரல் இறுதியிலும் மே மாதத்திலும் கிழக்குக் காற்று வீசும் நாள்களில், கருப்பு ஆலாக்கள் நீர்ப்பரப்பைத் தொட்டும் தொடாமலும் பறந்து செல்லும். ஆகஸ்டு, செப்டம்பரில் சேறு வெளிப்பட்ட கரைகளில் வலசை செல்லும் உள்ளான் வகைகள் இறங்கும். இலையுதிர்காலப் புயலுக்கு மறுநாள், கிட்டிவேக் போன்ற கடற்பறவை வழிதவறி வந்து நிற்கக்கூடும். கடற்பாறைகளில் ஆயிரக்கணக்கில் வாழும் பறவைதான் அது. கடலில்லாத மாவட்டத்தில் ஒன்றே ஒன்று வந்தாலும் குறிப்பேட்டில் ஏறிவிடும்.

இவை எல்லாவற்றிலும் தலையாயது, மீனை மட்டுமே நம்பி வாழும் விராலடிப்பான். இப்பறவையின் வரலாறு, அரிது என்னும் மதிப்பு எப்படி அழிக்கவும் ஆக்கவும் வல்லது என்பதைக் காட்டுகிறது.

பொதுவாக ஒரு பண்டத்தின் விலை ஏறினால் அதன் உற்பத்தி பெருகும், விலை தணியும். காட்டுப் பறவையின் முட்டைக்கு இந்த விதி செல்லாது. விலை ஏறினால் கூடுகள் சூறையாடப்படும். பறவை மேலும் அரிதாகும். விலை இன்னும் ஏறும். மீன் பண்ணையாளர்களின் துப்பாக்கியோடு, முட்டைகளையும் பதப்படுத்திய உடல்களையும் சேர்த்துவைத்த செல்வந்தரின் ஆசையும் கூடிக்கொண்டது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்திலும், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்திலும் விராலடிப்பான் கூடுகட்டுவது நின்றுபோனது.

1954-இல் ஸ்காட்லாந்துக்கு அது தானாகத் திரும்பியது. கூடு இருக்குமிடம் ரகசியமாகக் காக்கப்பட்டது. ஆயினும், 1958-இல் கார்ட்டன் ஏரிப் பகுதியில் இருந்த கூட்டில் ஒருவன் இரவில் ஏறி முட்டைகளைக் கவர்ந்தான். கூட்டில் அவன் விட்டுச்சென்றவை சாயம் பூசிய கோழி முட்டைகள். ரகசியம் காப்பாற்றவில்லை என்பது தெளிவானது. அடுத்த ஆண்டு பறவைப் பாதுகாப்புச் சங்கம் துணிந்து ஒரு முடிவெடுத்தது. கூட்டைச் சுற்றிக் காவல் போட்டு, தொலைவிலிருந்து பார்க்கப் பொதுமக்களை அழைத்தது. ஆயிரக்கணக்கானோர் வந்தனர். ஒருவனின் பெட்டிக்குள் போகவிருந்த பறவை, எல்லோருக்கும் உரிய காட்சியானது.

அந்த ஸ்காட்லாந்துப் பறவைகளின் வழித்தோன்றல்களே ரட்லண்டுக்கு வந்தன. விராலடிப்பான் தான் முதன்முதலில் சிறகடித்த இடத்தையே பிறந்த ஊராகக் கொள்ளும். மேற்கு ஆப்பிரிக்காவரை சென்று, இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து அங்கேயே திரும்பும். எனவே, 1996 முதல் 2001 வரை, பறக்கத் தொடங்காத 64 இளம் பறவைகள் கொண்டுவரப்பட்டு, ஏரிக்கரையில் வளர்த்து விடப்பட்டன. ஆப்பிரிக்கப் பயணத்தில் பல மடிந்தன, சில திரும்பின. 2001-இல் ஓர் இணை அங்கே குஞ்சு பொரித்தது. ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்குப் பின் நடு இங்கிலாந்தில் நிகழ்ந்த முதல் பிறப்பு அது. 2004-இல் வேல்ஸ் நாட்டிலும் இப்பறவை குடியேற, ரட்லண்டில் விடப்பட்ட ஆண் பறவைகளே காரணமாயின. இன்று மார்ச் இறுதி முதல் செப்டம்பர் தொடக்கம் வரை, மேன்டன் விரிகுடாவில் உள்ள கூட்டை மறைவிடங்களிலிருந்து எவரும் காணலாம்.

அரிய பறவையைக் காணும் ஆசை இடைப்பட்ட காலத்தில் குறைந்துவிடவில்லை, உண்மையில் பெருகியுள்ளது. மாறியது உரிமையின் வடிவம். முட்டையை ஒருவர் எடுத்தால் மற்றவருக்கு இல்லை. காட்சியோ, ஒருவர் நுகர்வதால் மற்றவருக்குக் குறையாத பண்டம். சட்டம் முதல் வகை நுகர்வைக் குற்றமாக்கியது. 1954-ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலான காட்டுப் பறவைகளின் முட்டைகளை எடுப்பதைத் தடுத்தது. இரண்டாம் வகை நுகர்வுக்கு ஏரிக்கரை இடம்கொடுத்தது. பயணிகளின் வருகையால் உள்ளூர் விடுதிக்கும் கடைக்கும் கிடைக்கும் வருவாய், பறவை உயிரோடு இருந்தால் மட்டுமே கிடைப்பது.

ஆனால், காட்சிக்கும் ஓர் எல்லை உண்டு. கூட்டை நெருங்கும் கூட்டமும் முட்டைத் திருடனைப்போலவே கேடு செய்யும். தாய்ப்பறவை எழுந்து பறந்தால் முட்டை குளிர்ந்துவிடும். அதனால்தான் 1981-ஆம் ஆண்டுச் சட்டம், விராலடிப்பான் போன்றவற்றைக் கூட்டில் வேண்டுமென்றே தொந்தரவு செய்வதையும் குற்றமாக்கியது. தொலைநோக்கியும் பொறுமையும் உள்ளவருக்கே அந்த ஏரி தன் செல்வத்தைக் காட்டும்.

பள்ளத்தாக்கை இழந்த குடும்பங்களுக்கு இந்தப் பறவைகள் ஈடாகிவிட்டன என்று கணக்குப் பார்ப்பது அறமாகாது. அந்த இழப்பு இழப்பே. எனினும், நீருக்காக நிலத்தை எடுத்தவர்கள் அதில் ஒரு பங்கைப் பறவைகளுக்கு ஒதுக்கினார்கள். அதன் பயன் அரை நூற்றாண்டாகப் பெருகிவருகிறது. விராலடிப்பான் அங்கே என்றேனும் சாதாரணப் பறவையாகிவிட்டால், அதைத் தேடி வருவோர் குறையலாம். அரியது அரியதாக இல்லாமற்போவதைவிடப் பெரிய வெற்றி அந்த முயற்சிக்கு வேறில்லை.