பிறப்பால் வரும் உரிமையும் இறப்பால் வரும் உரிமையும்

ஒருவன் இறந்தபின் அவனுடைய பொருள் யாரைச் சாரும் என்பது எல்லா நாட்டு நீதிநூல்களிலும் எழும் வினா. மகனுக்கு எவ்வளவு, மகளுக்கு எவ்வளவு, மனைவிக்கு எவ்வளவு என்று கணக்கிட்டு, இந்து சட்டம் சிறந்ததா இஸ்லாமியச் சட்டம் சிறந்ததா என வாதிடுவோர் பலர். தொகையை மட்டும் ஒப்பிடும் அவ்வாதத்தால் விளையும் பயன் சிறிதே. தொகைக்கு முன்னர்க் கேட்கவேண்டிய வினா வேறொன்று உண்டு. தந்தையின் பொருளில் பிள்ளைக்கு உரிமை எப்பொழுது உண்டாகிறது? இதற்கு விடை தெரிந்தால் மற்றவை பெரும்பாலும் அதனின்றும் பெறப்படும். ஒவ்வொரு சட்டமும் குடும்பத்துள் யாரைப் படலைக்கு வெளியே நிறுத்திவிட்டது என்பதும் அதனாலேயே விளங்கும்.

இந்து சட்டம் என்பது ஒரே நூலன்று. ஸ்மிருதிகளுக்கு உரை கண்ட ஆசிரியர்களின் கொள்கை வேறுபாட்டால் அது கிளைகளாகப் பிரிந்தது. அவற்றுள் மிகப் பரந்து வழங்கியது மிதாக்ஷரம். கல்யாணியிலிருந்து அரசாண்ட சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்தில், யாஞ்ஞவல்கிய ஸ்மிருதிக்கு விஞ்ஞானேசுவரர் வகுத்த உரை அது. வங்காளமும் அஸ்ஸாமும் நீங்கலாக இந்தியாவின் பெரும்பகுதி அதனைத் தழுவியது, தமிழ்நாடும் அதன்பாற்பட்டதே. முன்னோர் தேடிவைத்த ஆதனத்தில் மகனுக்கு உரிமை அவன் பிறந்த கணத்திலேயே உண்டாகிறது என்பது விஞ்ஞானேசுவரரின் முடிபு. தந்தையின் இறப்புக்காக அவன் காத்திருக்க வேண்டுவதில்லை. மகன், பேரன், பேரனின் மகன் என மூன்று தலைமுறைக்கு இவ்வுரிமை செல்லும். பாட்டனும் தந்தையும் தொட்டிலிற் கிடக்கும் குழந்தையும் ஒரே காணிக்கு ஒரே காலத்தில் உரியவர்கள்!

இதற்கு எழக்கூடிய தடையை விஞ்ஞானேசுவரரே எழுப்பிக்கொள்கிறார். பிறந்த குழந்தையும் உரிமையாளன் எனில், அவனுடைய இசைவின்றித் தந்தை வேள்வி முதலிய கடமைகளுக்குப் பொருள் செலவிடுதல் எங்ஙனம்? குழந்தையோ இசைவு தரும் பருவத்தினன் அல்லன். விதிக்கப்பட்ட கடன்களுக்காகவும் குடும்பத்தின் இன்றியமையாத் தேவைகளுக்காகவும் செலவிடத் தந்தைக்கு அதிகாரம் உண்டு என்று அவர் விடை கூறுகிறார். ஆகவே தந்தை ஆதனத்தை நடத்துபவன். முழுச் சொந்தக்காரன் அல்லன். பிற்காலத்து நீதிமன்றங்கள் கர்த்தா என அழைத்தது இத்தகையவனையே. மேலும், குடும்பம் பிரியாதவரையில் ஒருவனுடைய பங்கு இவ்வளவு என அறுதியிட்டுச் சொல்ல இயலாது. ஒரு மகன் பிறந்தால் அது குறையும். ஒருவர் இறந்தால் எஞ்சியோர்க்குக் கூடும்.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்குவோம். முன்னோர் வழிவந்த 120 பரப்பு வயல் உடைய ஒருவர் இறக்கிறார். மனைவியும் இரு ஆண்மக்களும் ஒரு மகளும் இருக்கின்றனர். மூத்த மகன் முன்னரே இறந்தவன். அவனுடைய மனைவியும் இல்லை. அவர்களின் சிறுவன் பாட்டன் வீட்டில் வளர்கிறான். மிதாக்ஷரத்தின் பழைய முறைப்படி, பாட்டன் உயிரோடிருந்தபோது பிரிந்திருந்தால் அவருக்கும் இரு மக்களுக்கும் அச்சிறுவனுக்கும் முப்பது முப்பது பரப்பு. அவர் பிரியாமல் இறந்தமையால் அவருடைய பங்கும் எஞ்சியோரைச் சேர, இரு மக்களுக்கும் பேரனுக்கும் நாற்பது நாற்பதாகும். தாய் தந்தையற்ற பேரன் தன் தந்தையின் இடத்தில் நின்று, சிற்றப்பன்மாரோடு சமமாகப் பெறுகிறான். பிறப்பிலேயே வந்த உரிமையாதலால் தந்தையின் இறப்பு அதனைப் பறிக்க மாட்டாது. மகளுக்கோ திருமணச் செலவும், விதவைக்குச் சீவனாம்சமும் மட்டுமே. மகள் மணம் செய்து வேறு குலத்துக்குச் செல்பவள். குலத்தைத் தொடர்பவன் ஆண்மகன். குலத்தைத் தொடர்பவனுக்கே பிறப்புரிமை. இம்முறையில் வெளியே நிற்பவள் அவளே.

வங்காளத்தில் ஜீமூதவாகனர் தமது தாயபாகத்தில் வேறு முடிபு கொண்டார். தந்தையின் உரிமை அவனுடைய மரணத்தாலோ துறவாலோ ஒழிந்தபின்னரே மகனுக்கு உரிமை வரும் என்பது அவர் கருத்து. ஆகவே வங்காளத் தந்தை தன் பொருளுக்குத் தானே முழு உரியவன். மகனில்லாது இறந்தவனின் விதவையும், பிரியாக் குடும்பத்திலும் கணவனின் பங்கைப் பெறலாம். ஒரே தர்மசாஸ்திர மரபினுள் இத்துணை எதிர்மாறான கொள்கைகள் தோன்றின. இந்து சமயம் இவ்வாறுதான் விதித்தது என்று உறுதியாகப் பேசுவோர் இதனைக் கருத்திற் கொள்வது நன்று.

மகளைச் சட்டத்தினுள் அழைத்துவர இந்தியாவில் நெடுங்காலம் ஆயிற்று. 1937 ஆம் ஆண்டுச் சட்டம் விதவைக்குக் கணவனின் பங்கை அளித்தது. ஆயின் அவள் வாழ்நாள் அனுபவத்துக்கு மட்டுமே. 1956 ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் அக்கட்டை நீக்கிப் பெண்ணின் உடைமையை முழு உடைமையாக்கியது. மகளையும் விதவையையும் தாயையும் மகனோடு முதல் வகுப்பு உரித்தாளராக வைத்தது. ஆயினும் பிறப்புரிமை ஆண்மக்களுக்கே இருக்கட்டும் என்று விட்டுவிட்டது. அதனால் விளைந்த விந்தையை நம் உதாரணத்திற் காணலாம். அக்குடும்பத்தில் மூத்தவன் அச்சட்டத்துக்கு முன்னரும், தந்தை அதன் பின்னரும் இறந்ததாகக் கொள்வோம். தென்னாட்டு வழக்கின்படி தந்தையின் முப்பது பரப்பு மட்டுமே விதவை, இரு மக்கள், மகள், பேரன் ஆகிய ஐவருக்கும் ஆறு ஆறாகப் பிரியும். ஆண்மக்களுக்கும் பேரனுக்கும் பிறப்புரிமையும் சேர்ந்து முப்பத்தாறு, மகளுக்கு ஆறு. சமம் என்று எழுதிய சட்டத்தின் கணக்கு இது. ஆந்திராவும் தமிழ்நாடும் 1980களில் இதனைத் திருத்த முற்பட்டன. கேரளம் 1975 இல் இயற்றிய சட்டத்தால் கூட்டுக்குடும்ப முறையையே ஒழித்தது. 2005 ஆம் ஆண்டுத் திருத்தம் இந்தியா முழுவதிலும் மகளையும் மகனைப்போலவே பிறப்பால் உரிமை பெறுபவளாக்கியது. திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டுமா என்னும் ஐயத்தை, வேண்டுவதில்லை எனக் கூறி இந்திய உச்ச நீதிமன்றம் 2020 இல் தீர்த்தது. குலத்தைத் தொடர்பவன் ஆண் என்னும் அடித்தளம் அகன்றது. பிறப்புரிமை என்னும் கட்டடமோ அப்படியே நிற்கிறது.

இனி இஸ்லாமியச் சட்டத்தை நோக்குவோம். இங்கே பிறப்புரிமை என்பதே இல்லை. தந்தை உயிரோடிருக்கும்வரை அவர் பொருள் அவருடையதே. அது வழிவழி வந்ததாயினும் தாமே தேடியதாயினும் வேறுபாடில்லை. மகனுக்கிருப்பது வெறும் எதிர்பார்ப்பு. அதனை விற்கவோ ஈடு வைக்கவோ அவனால் முடியாது. தந்தை தம் கையாலேயே முழுதையும் நன்கொடையாகக் கொடுத்துவிடலாம். கொடுத்தலும் ஏற்றலும் கைப்படுத்தலும் நிறைவேறினால் அது செல்லும். ஆனால் மரணசாதனத்தால் அவர் கொடுக்கக்கூடியது, கடனும் அடக்கச் செலவும் போக எஞ்சியதில் மூன்றில் ஒன்றே. அதனையும் உரித்தாளர் ஒருவருக்கு, ஏனையோர் இசைவின்றி எழுதிவைத்தல் சுன்னி மரபிற் செல்லாது. வாழும்போது முழு உரிமை, சாவின்பின் சிறு உரிமை என்பது இதன் தன்மை. உயிர் பிரிந்த அக்கணத்தில் யார் யார் வாழ்கின்றனரோ அவர்களுக்கு, முன்னரே வரையறுக்கப்பட்ட பங்குகள் சென்றடையும்.

இப்பங்குகள் எவ்வாறு வந்தன என்பதற்கு மரபு ஒரு வரலாறு கூறும். உஹதுப் போரில் ஸஃது என்னும் நபித்தோழர் உயிர் நீத்தார். அக்காலத்து அராபிய வழக்கில் போரிட வல்ல ஆண்களுக்கே உரிமையாதலின், அவருடைய சகோதரர் பொருள் முழுவதையும் எடுத்துக்கொண்டார். இரு பெண் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு விதவை நபிகளிடம் முறையிட்டாள். அதன்பின் அருளப்பட்ட விதிப்படி மகளிருக்கு மூன்றில் இரண்டும், விதவைக்கு எட்டில் ஒன்றும், எஞ்சியது சகோதரருக்கும் எனத் தீர்ப்பாயிற்று. 24 பங்கெனக் கொண்டால் மகளிருக்கு 16, விதவைக்கு 3, சகோதரருக்கு 5. அந்நிசா அத்தியாயத்தில் இவ்விதிகள் உள்ளன. அரை, கால், அரைக்கால், மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று என்னும் ஆறு பின்னங்களுமே அங்குள்ள பங்களவுகள்.

கணித மாணவர்க்கு இஃது இனிய துறை. அல்ஜீப்ரா என்னும் பெயருக்குக் காரணமான நூலை ஒன்பதாம் நூற்றாண்டில் இயற்றிய அல்குவாரிஸ்மி, அதன் பெரும்பகுதியை மரணசாதனக் கணக்குகளுக்கே ஒதுக்கினார். சிலவேளை பங்குகளின் கூட்டுத்தொகை ஒன்றை மிஞ்சும். மனைவி, இரு மகளிர், தாய், தந்தை ஆகியோர் எஞ்சினால் 24 இல் 3, 16, 4, 4 என 27 ஆகும். இக்கணக்கைப் பிரசங்க மேடையில் நின்ற கலீபா அலி அவர்களிடம் ஒருவர் கேட்க, மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாயிற்று என அவர் தயங்காது கூறினார் என்பர். 24 ஐ 27 ஆக்கி எல்லோருடைய பங்கையும் ஒரே விகிதத்திற் குறைத்தலே அம்முறை.

மேற்கூறிய குடும்பம் முஸ்லிம் குடும்பமாயின், 120 பரப்பில் விதவைக்கு எட்டில் ஒன்றாகிய பதினைந்து. எஞ்சிய 105 இல், ஆணுக்குப் பெண்ணைப்போல் இரு மடங்கு என்னும் விதிப்படி ஆண்மக்களுக்கு நாற்பத்திரண்டு நாற்பத்திரண்டு, மகளுக்கு இருபத்தொன்று. சகோதரனிற் பாதியே எனினும், பதினான்கு நூற்றாண்டுகளாக மகளும் விதவையும் கேளாமலே உரித்தாளராக நின்ற சட்டம் இது. பாட்டன் வீட்டிற் வளர்ந்த அச்சிறுவனுக்கோ ஒரு பரப்பேனும் இல்லை! நெருங்கியவர் இருக்கையில் தொலைவிலுள்ளவர் விலக்கப்படுவர். மகன்மார் உயிரோடிருக்கப் பேரன் தொலைவிலுள்ளவன். இறப்பின் கணத்தில் வாழ்பவருக்கே உரிமை எனக் கொண்டால், முன்னரே இறந்த தந்தையின் இடத்தில் மகனை நிறுத்த வழியில்லை. மிதாக்ஷரம் மகளை வெளியே நிறுத்தியது. இங்கு வெளியே நிற்பவன் அநாதைப் பேரன்.

சட்டம் அவனை முற்றாக மறந்ததென்று கூறுதல் தவறு. அவன் உரித்தாளன் அல்லனாதலால், பாட்டன் தமது மூன்றில் ஒன்றை அவனுக்கு எழுதிவைக்கத் தடையில்லை. ஆனால் எழுதிவைக்க நினைத்தவரெல்லாம் எழுதிவைத்தபின்னரா இறக்கின்றனர்? எகிப்து 1946 இல் இயற்றிய சட்டம், பாட்டன் எழுதாது போயினும் மூன்றில் ஒன்றின் எல்லைக்குள் பேரனுக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்றது. பழைய விதியினுள்ளேயே வாயில் திறந்த நுட்பம் அது. பாகிஸ்தான் 1961 இல், இறந்த தந்தைக்கு வந்திருக்கக்கூடிய பங்கைப் பிள்ளைகள் அப்படியே பெறுவர் என்று நேராக விதித்தது. அது பழைய விதியை மீறியதென்று அறிஞர் பலர் எதிர்த்தனர். எகிப்தின் வழியே சாலச் சிறந்ததென்பது எமது கருத்து.

நூல்களில் உள்ளவாறே மக்கள் நடந்தனர் எனக் கொள்ளலாகாது. பம்பாயில் கோஜா, மேமன் வகுப்பினர் முஸ்லிம்களாக இருந்தும் வாரிசுரிமையில் இந்து வழக்கத்தையே பின்பற்றி மகளிரை விலக்கினர். குர்ஆனின் படி தமக்குப் பங்கு வேண்டுமென்று பெண்கள் தொடுத்த வழக்கில், 1847 இல் நீதிபதி பெரி வழக்கமே வெல்லும் எனத் தீர்த்தார். மலையாள நாட்டிலோ மாப்பிள்ளைமாரிற் பலர் நாயர்களைப்போலவே மருமக்கள்தாயம் கொண்டு, பெண்வழியாகத் தறவாட்டுச் சொத்தை வைத்திருந்தனர். 1937 ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் இந்திய முஸ்லிம்களிடையே வழக்கத்தை அகற்றி நூல்விதியை நிலைநாட்ட எழுந்தது. ஆயின் விவசாய நிலத்தைத் தன் எல்லைக்கு வெளியே விட்டுவிட்டது. சொத்தெனப் பெரும்பாலும் வயலையே உடைய கிராமத்து மகளுக்கு அதனாற் கிடைத்த பயன் எத்துணையது என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

இவற்றை வாசிக்கும் நம்மவர், நமக்குரியது இவ்விரண்டில் எது என வினவுவர். இலங்கையில் முஸ்லிம்களின் மரணசாதனமற்ற வாரிசுரிமையை, இறந்தவர் சார்ந்த பிரிவின் சட்டத்துக்கு விட்டது 1931 ஆம் ஆண்டு 10 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். இந்துக்களுக்கென வாரிசுரிமைச் சட்டம் ஒன்று இங்கில்லை. யாழ்ப்பாணத் தமிழரை ஆள்வது தேசவழமை. ஒல்லாந்தர் காலத்தில் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1707 இல் தொகுத்து, பன்னிரு முதலியார்கள் பார்வையிட்டு ஒப்பிய அத்தொகுப்பு, 1806 இல் ஆங்கிலேயரால் சட்டமாக்கப்பட்டது.

தேசவழமை நம் முதல் வினாவுக்கு மூன்றாவது விடை ஒன்றைத் தருகிறது. பெற்றோர் வாழும்வரை ஆண்மக்கள் எதனையும் கேட்கலாகாது என்பது அதன் விதி. அதுமட்டுமன்று, மணமாகாத காலத்தில் அவர்கள் உழைத்ததையும், அணியும் நகை நீங்கலாக, பொதுவிற் சேர்க்க வேண்டும். ஆகவே பிறப்புரிமை இல்லை. ஆண்மகனுக்கு இறப்பின் பின்னரே உரிமை. மகளுக்கோ உரிமை வருவது மணநாளில். சீதன உறுதி முடிந்த அன்றே அவள் தன் பங்குக்கு உடையவளாகிவிடுகிறாள். அண்ணன்மார் வெறுங்கையராய் நிற்க, தங்கை காணியுடையவளாய்ப் படலை தாண்டுகிறாள். அதன்பின் பெற்றோர் எவ்வளவு தேடினும், வேறு பிள்ளைகள் இல்லாவிடினன்றி, அவளுக்கு மேலும் கேட்கும் உரிமை இல்லை.

கணவன் வழிவந்தது முதுசொம், மனைவி கொணர்ந்தது சீதனம், இருவரும் இல்லறத்தில் ஈட்டியது தேடியதேட்டம் என ஆதனம் மூவகைப்படும். பண்டு முதுசொம் ஆண்மக்களுக்கும் சீதனம் பெண்மக்களுக்கும் சென்றன. ஐசாக்ஸ் தொகுத்த காலத்திலேயே இவ்வொழுங்கு தளர்ந்து, எவ்வகை ஆதனத்திலிருந்தும் சீதனம் கொடுக்கும் வழக்கம் வந்துவிட்டது. போர்த்துக்கேயர் காலத்திலிருந்து வந்த மாற்றம் அதுவென அத்தொகுப்பே கூறுகிறது. 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் பழைய விதிகளைப் பெருமளவு மாற்றியது. அச்சட்டம் மனைவியின் ஆதனம் மனைவிக்கே உரியதென ஏற்றுக்கொண்டது. ஆயினும் அவள் தன் சீதனக் காணியை உயிரோடிருக்கையில் விற்பதாயின், உறுதியிற் கணவனின் எழுத்துமூல இசைவும் வேண்டும் என்று விதித்தது. கணவன் தன் முதுசொத்தை விற்க மனைவியின் இசைவு வேண்டும் என்று அது விதிக்கவில்லை.