கடைமடையைத் தாண்டி ஒரு படகுப் பயணம்

காவிரி கடலில் கலக்கும் இடம் எது என்று கேட்டால், பூம்புகார் என்றுதான் பிள்ளைகள் சொல்வார்கள். அது பாதி விடை. கல்லணையில் பிரியும் வெண்ணாறு, நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் மறுபடியும் பிரிகிறது. அங்கிருந்து கோரையாறும் பாமணியாறும் தெற்கே இறங்குகின்றன. அந்தத் தண்ணீர் ஊர் ஊராக வயலில் பாய்ந்து, வடிந்து, கடைசியில் கடலைத் தொடும் இடம் முத்துப்பேட்டை. காடு, காயல், சேற்றுத் திடல் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 12,000 ஹெக்டேர் பரப்பு. தமிழகத்தின் மிகப் பெரிய அலையாத்திக் காடு இது. பிச்சாவரத்துக்கு ‘இதயக்கனி’ படம் தேடித் தந்த புகழ் இதற்கு இல்லை. அதனால் கூட்டமும் இல்லை.

பாட்டி முதல் பேத்தி வரை எல்லோரும் ஒரே படகில் ஏறி ஒரு பகலில் பார்த்துத் திரும்பக்கூடிய இடம். தர்காவுக்குப் பெயர்பெற்ற ஜாம்புவானோடைதான் புறப்படும் இடம். லைஃப் ஜாக்கெட்டைக் கட்டிக்கொண்டு மோட்டார் படகில் உட்கார்ந்தால், கோரையாற்றின் வழியே காட்டுக்குள் போகலாம். முதலில் கரையோரத் தென்னை. போகப் போகத் தென்னை மறைந்து, இரு கரையிலும் அலையாத்தி மரங்கள் மட்டுமே நிற்கின்றன.

சேற்றில் பென்சில்களை நட்டுவைத்ததுபோல் நீட்டிக்கொண்டிருப்பவை அந்த மரங்களின் மூச்சுவேர்கள். சதுப்பு மண்ணுக்குள் காற்று கிடையாது. அதனால் வேர் மேலே வந்து மூச்சு வாங்குகிறது. உள்ளே ஏறிவிடும் உப்பை மரம் இலை வழியாக வெளியே தள்ளுகிறது. இலையைத் தடவிய விரலை நாக்கில் வைத்த எங்கள் வீட்டுச் சின்னவள் முகத்தைச் சுளித்தாள். பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் படித்தாலும் இவ்வளவு சுருக்காகப் புரியாது.

ஆறு அகன்று காயலாக விரியும் இடத்தைப் படகோட்டிகள் ‘லகூன்’ என்கிறார்கள். மழைக்காலம் முடிந்த மாதங்களில் வலசை வரும் பறவைகளை இங்கே பார்க்கலாம். எங்களோடு வந்த மாமா மன்னார்குடிப் பக்கம் விவசாயம் பார்ப்பவர். பறவையைவிட அவர் கண் தண்ணீர் மேலேயே இருந்தது. “இவ்வளவு தண்ணியும் கடலுக்குப் போயி வீணாப் போவுதே” என்றார். படகோட்டி திரும்பிப் பார்த்தார். “இது வரலன்னா எங்களுக்கு இறாலு இல்ல, நண்டு இல்லங்கய்யா. வீணுன்னு சொல்லாதீங்க.”

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அலையாத்தி உப்பைத் தாங்கும் மரமே தவிர, உப்பிலேயே வாழும் மரமல்ல. ஆற்று நீர் வந்து கலந்தால்தான் விதை முளைத்துக் கன்று தேறும். இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்வது இந்த இரண்டுங்கெட்டான் நீரில்தான். ஆற்று நீர் குறையும் கோடையில் காயலில் உப்பு ஏறுகிறது. அது நீடித்தால் மரமும் குன்றும், மீன்பாடும் குன்றும்.

உப்பு என்ன செய்யும் என்பதற்கு இந்தக் காட்டின் பழைய கதையே சாட்சி. ஒரு காலத்தில் பகுதி பகுதியாக இங்கே மரங்களை மொட்டையடித்தார்கள். வெயில் பட்ட மண் உள்வாங்கிப் பள்ளமானது. பள்ளத்தில் தேங்கிய கடல்நீர் வற்ற வற்ற உப்பு மிஞ்சியது. புதுக் கன்று எழும்பவில்லை. பிறகு வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர்மக்களோடு சேர்ந்து, நடுவில் ஒரு பெரிய வாய்க்காலும் இருபுறமும் சாய்வாகச் சிறு வாய்க்கால்களுமாக வெட்டின. ஓதம் ஏறி இறங்கி உப்பைக் கழுவிச் செல்ல, கன்றுகள் தலையெடுத்தன.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். வனத்துறை அனுமதி தேவை. முன்கூட்டியே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். திருவாரூர் – காரைக்குடி ரயில் பாதையில் முத்துப்பேட்டையில் நிலையம் உண்டு; கிழக்குக் கடற்கரைச் சாலையும் ஊர் வழியாகவே போகிறது. காட்டுக்குள் கடை கிடையாது. குடிதண்ணீரும் கட்டுச்சோறும் கையோடு இருக்கட்டும். குப்பையையும் கையோடு திருப்பிக் கொண்டுவாருங்கள். பறவைப் பிரியர்கள் பக்கத்திலுள்ள உதயமார்த்தாண்டபுரம் சரணாலயத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மேட்டூர் திறக்கும்போதெல்லாம் தண்ணீர் கடைமடைக்கு வந்ததா என்று கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் கடைமடையோடு காவிரி முடிந்துவிடவில்லை. அதற்கும் அப்பால் ஒரு காடும், அதை நம்பி வலை வீசும் ஊர்களும் இருக்கின்றன. பாசனக் கணக்குப் போடுகிறவர்கள் அவற்றுக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும்.