நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் ஓர் அடக்கம்

பெரிய சர்க்கஸ் கூடாரத்தின் அருகே, தனிக் கட்டணத்துடன் சிறு கூடாரம் ஒன்றை அமைப்பது மேனாட்டார் வழக்கம். அதனைச் ‘சைடு ஷோ’ என்பர். வாள் விழுங்குவோர், நெருப்பை உண்போர் ஆகியோருடன், பிறவியிலேயே மாறுபட்ட உடல் வாய்ந்தோரும் அங்கே நிறுத்தப்பட்டனர். நம் நாட்டுப் பொருட்காட்சிகளிலும் இத்தகைய கூடாரங்களுள் எட்டிப் பார்த்த மூத்தோர் நம்மிடையே உண்டு.

இவ்வித்தைகள் மறைந்துவிடவில்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தோன்றிய ஜிம் ரோஸ் குழுவினர், 1992இல் இசைவிழாக் குழுக்களோடு ஊர் ஊராகச் சென்று இளைஞர்களை ஈர்த்தனர். உடலை வருத்தும் இக்காட்சிகளைக் காணுமாறு நாம் எக்குடும்பத்திற்கும் பரிந்துரை செய்யோம். ஆயினும் இவர்கள் தாமே விரும்பி மேடை ஏறியவர்கள். உடற்குறை உடையோரைக் காட்டிக் கட்டணம் பெறுவதைத் தடுக்கும் சட்டம் புளோரிடா மாநிலத்தில் இருந்தது. அதை எதிர்த்து வழக்காடியவர்களுள் அத்தகைய கலைஞர்களே இருந்தனர்! ‘இரக்கம் காட்டி எங்கள் பிழைப்பைப் பறிக்காதீர்’ என்பதே அவர்தம் வாதத்தின் சாரம். 1972இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கிற்று.

ஜூலியா பாஸ்திரானாவுக்கோ அவ்வாறு வாதிட வாய்ப்பே இருந்ததில்லை.

மெக்சிகோ நாட்டில் 1834இல் பிறந்தவர் இப்பெண்மணி. முகமும் உடலும் அடர்ந்த மயிரால் மூடப்பட்டிருந்தன, ஈறுகள் தடித்திருந்தன, உயரம் நான்கரை அடியே. இனிய குரலில் ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் பாடுவார், அழகுற நடனமாடுவார். விளம்பரத்தாள்களோ அவரைப் பாதி மனிதர், பாதி விலங்கு என்றன. 1854இல் நியூயார்க்கில் மருத்துவர் ஒருவரே அவ்வாறு சான்றளித்தார் என்றால், படியாத மக்களைக் குறை கூறி என்ன பயன்?

அவரைக் காட்டிப் பொருளீட்டிய தியோடர் லென்ட் என்பவரே அவரை மணந்துகொண்டார். 1860 மார்ச்சில் மாஸ்கோவில் ஜூலியா ஆண்மகவு ஒன்றை ஈன்றார். தாயைப் போன்றே மயிரடர்ந்திருந்த அக்குழந்தை இரு நாட்களுக்குள் இறந்தது. சில நாட்களில் தாயும் மறைந்தார். கணவர் செய்தது யாது? இரு உடல்களையும் பதப்படுத்துவித்துக் கண்ணாடிப் பேழையில் வைத்து, மீண்டும் கட்டணம் பெற்றுக் காட்டலானார்.

லென்ட் இறந்த பின்னரும் அவ்வுடல்கள் கைமாறிக்கொண்டே இருந்தன. 1921 முதல் நார்வே நாட்டவர் ஒருவரிடம் இருந்தன. 1970களிலும் கூடக் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1979இல் தாயின் உடல் களவு போய், பின்னர் ஓஸ்லோ பல்கலைக்கழகத்தாரிடம் வந்து சேர்ந்தது. பிள்ளையின் உடலோ இதற்குள் சிதைந்து அழிந்துபோயிற்று.

2003இல் நியூயார்க்கில் ஜூலியாவைப் பற்றிய நாடகம் ஒன்று முழு இருளிலேயே நடத்தப்பட்டது. அவரை எவரும் மீண்டும் உற்று நோக்கலாகாதன்றோ! அதில் பணியாற்றிய மெக்சிகோ ஓவியர் லாரா ஆண்டர்சன் பார்பட்டா, அவ்வம்மையாரைத் தாயகம் சேர்க்கப் பல்லாண்டு போராடினார். 2012இல் நார்வேயின் அறநெறிக் குழுவும் இசைந்தது.

2013 பிப்ரவரி 12ஆம் நாள், சினலோவா மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் திருப்பலி நிறைவேற்றப்பட்டது. வெண்ணிறச் சவப்பெட்டியின் மீது வெள்ளை ரோசா மலர்கள். வந்திருந்தோர் எவருக்கும் பெட்டி திறந்து காட்டப்படவில்லை. மீண்டும் எவரும் தோண்டி எடுக்காதபடி கல்லறை கான்கிரீட்டினால் மூடப்பட்டது.